ஓய்வூதியமும் ஓயாத உழைப்பும்

(கிராமப்புற உழைக்கும் பெண்கள் குறித்து ஹைதராபாத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தெலங்கானா கிராமங்களில் முதியோருக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் மாநில அரசு வழங்கும் மாத ஓய்வூதியம் 2016 ரூபாய். அந்தப் பதினாறு ரூபாய் எதற்கு என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் தோழர்கள் கேட்பதுண்டு. தெலுங்கு மக்கள் சுப காரியங்களில் அன்பளிப்பு வைக்கும்போது நூற்றுப் பதினாறு, ஆயிரத்து நூற்றுப் பதினாறு என்று முடிப்பது வழக்கம். தமிழ்நாட்டில் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று மொய் எழுதுவதைப் போன்றது இது. 2014 நவம்பரில் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் தொகை 2019-இல் இரட்டிப்பானபோது, மங்கலத்துக்காக அந்தப் பதினாறும் சேர்ந்துகொண்டது. திட்டத்தின் பெயர் 'ஆசரா'. ஆதரவு என்று பொருள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் பிறர் வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, பருத்தி பறித்த ஒரு பெண்ணுக்குச் சமூகம் தர வேண்டிய பாக்கி, கல்யாண வீட்டு மொய்யாக எழுதப்படுகிறது. இதில் வேடிக்கை மட்டும் இல்லை, அரசியலும் இருக்கிறது.

ஓய்வூதியம் என்ற சொல்லிலேயே ஒரு முன்னுரை அடங்கியிருக்கிறது. ஓய்வு பெறுகிறவர் அதற்கு முன் உழைத்திருக்க வேண்டும். அரசு ஊழியர் பெறுவது ஓய்வூதியம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கிராமப்புறப் பெண் பெறும் தொகைக்கு மட்டும் உதவி, ஆதரவு, கைகொடுத்தல் என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவள் உழைத்தாள் என்பதை ஏற்க அரசுக்கு மனமில்லை. பொது ஓய்வூதியம் பெண்களின் உழைப்புப் பங்கேற்பை எவ்வாறு பாதிக்கிறது என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நிலவுடைமையாளரின் கவலை

ஓய்வூதியம் கொடுத்தால் ஆள் வேலைக்கு வராது என்ற புகார் கோதாவரிக் கரையிலும் கேட்கிறது, காவிரிக் கரையிலும் கேட்கிறது. நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது எழுந்த அதே குரல்தான் இது. அந்தக் குரலுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை 2025 டிசம்பரில் நாடு கண்டது. 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தையே நீக்கிவிட்டு, செலவில் நாற்பது விழுக்காட்டை மாநிலங்களின் தலையில் ஏற்றும் புதிய சட்டத்தை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. விதைப்பும் அறுவடையும் நடக்கும் பருவத்தில் ஆண்டுக்கு அறுபது நாள் வரை வேலையை நிறுத்தி வைக்க அதில் வகை செய்யப்பட்டுள்ளது. கூலி ஏற வாய்ப்புள்ள நாட்களில் உழைப்பாளிக்கு மாற்று வழி இருக்கக் கூடாது என்பதே இதன் உட்கருத்து.

இந்தப் புகாரில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. கையில் சிறிது பணம் உள்ள அறுபத்தைந்து வயதுப் பெண், மிகக் குறைந்த கூலிக்கு மிளகாய்க் காட்டில் நாள் முழுதும் குனிந்து நிற்க மறுக்கக்கூடும். அவள் அப்படி மறுக்க முடிவதுதான் ஓய்வூதியத்தின் முதல் நோக்கம். வறுமையால் வேலைக்கு வந்து நிற்கும் முதிய பெண்கள், என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பதால், அதே வயலில் நிற்கும் இளம்பெண்களின் கூலியையும் தங்களை அறியாமலேயே கீழே இழுக்கிறார்கள். மார்க்ஸ் 'மூலதன'த்தில் சேமப் பட்டாளம் பற்றி எழுதியதைக் கிராமத்து நடவு வயலில் அப்படியே காணலாம். அந்தப் பட்டாளத்திலிருந்து முதியவர்களை விலக்கிக்கொள்வது மற்றவர்களின் பேரம் பேசும் வலிமையைக் கூட்டும். உழைப்புப் பங்கேற்பு விகிதம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது 'சரிவு' என்று தோன்றும். சங்கத்துக்கு அது வலு.

ஆனால் எவ்வளவு பணம் இருந்தால் ஒரு பெண் மறுக்க முடியும்? 1995 ஆகஸ்ட் 15-இல் தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது முதியோருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். 2006-இல் அது 200 ரூபாயானது. 2011-இல் தகுதி வயது 65-லிருந்து 60-ஆகக் குறைக்கப்பட்டு, எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வரை உள்ளவர்களுக்கு மட்டும் அதே 200 ரூபாய் நீடித்தது. நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட ஆகாது. விலைவாசி இதற்கிடையே மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்ட நிலையில், அந்த 200 ரூபாயின் வாங்கும் சக்தி தொடக்கத்து 75 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. இத்திட்டத்தின் எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்து 2024-25, 2025-26 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஒன்றிய நிதிநிலை அறிக்கை ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். ஒரு ரூபாய்கூட மாறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல் இருந்தனர். ஒன்றியத்தின் முதியோர் ஓய்வூதியம் சென்றடைவதோ சுமார் 2.2 கோடிப் பேரை.

ஆகவே ஓய்வூதியம் பற்றிய விவாதம் உண்மையில் மாநிலங்களின் தொகை பற்றிய விவாதமாகிவிட்டது. ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய் தருகிறது. தெலங்கானாவில் காங்கிரஸ் 2023 தேர்தலில் அதே 4,000 ரூபாயை 'செயூத' என்ற பெயரில் வாக்களித்தது. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளின் நிதிநிலை அறிக்கைகளிலும் அந்த உயர்வு வரவில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் ஆயிரமாக இருந்தது 2023-இல் 1,200 ஆனது. இவற்றை வேலை நாளாக மாற்றிப் பார்த்தால் கணக்கு விளங்கும். 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தெலங்கானாவில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 307 ரூபாய், தமிழ்நாட்டில் 336 ரூபாய். தெலங்கானா ஓய்வூதியம் ஏழு நாள் கூலிக்கும் குறைவு. தமிழ்நாட்டு ஓய்வூதியம் நான்கு நாள் கூலிக்கும் குறைவு. ஒன்றிய அரசின் பங்கு ஒரு நாள் கூலிகூட இல்லை. ஒரு நாள் கூலியை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் சோம்பியிருக்கும் வித்தையை எந்த மூதாட்டியும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

மாமியாரின் ஓய்வூதியம், மருமகளின் வேலை

பிரச்சினையின் சுவையான பகுதி வேறோர் இடத்தில் இருக்கிறது. ஓய்வூதியம் வாங்குபவர் முதியவர். ஆனால் அதன் விளைவு அதே வீட்டில் வாழும் இளம்பெண்ணிடம் தெரிகிறது.

இதற்குத் தென்னாப்பிரிக்க அனுபவம் பயனுள்ளது. நிறவெறி ஆட்சியின் இறுதிக் கட்டத்தில், 1993 வாக்கில், கறுப்பின முதியோரின் ஓய்வூதியம் வெள்ளையரின் ஓய்வூதியத்துக்குச் சமமாக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெருந்தொகை. கறுப்பினக் குடும்பங்களில் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைத்த வருமானத்தைப்போல் இரு மடங்குக்கு மேல். அந்த ஆண்டின் ஆய்வுத் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர் சிலர், ஓய்வூதியம் வரும் வீட்டில் வேலை செய்யும் வயதினர் உழைப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று முடிவு கட்டினர். நிதியமைச்சகங்களுக்கு மிகப் பிடித்த முடிவு அது. ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. வீட்டில் வசிப்பவர்களை மட்டுமே அது எண்ணியது. வேலை தேடி நகரத்துக்கும் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் போனவர்கள் எண்ணிக்கையில் வரவில்லை.

பின்னர் வந்த ஆய்வாளர்கள் புலம்பெயர்ந்தோரையும் கணக்கில் சேர்த்தனர். கேலி ஆர்டிங்டன், ஆன் கேஸ், விக்டோரியா ஹோஸ்குட் ஆகிய மூவர் குவாசுலு-நட்டால் கிராமப்புறத்தில் அதே குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் இளையோர் வேலைக்குப் போவது கூடுகிறது என்று கண்டனர். பாட்டி வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். பயணத்துக்கும் வேலை கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்கவும் பணம் இருக்கிறது. பெண்கள் வேலை தேடி வெளியேறுவதற்கும் வீட்டில் ஓய்வூதியம் பெறும் மூதாட்டி ஒருவர் இருப்பதற்கும் உள்ள தொடர்பை டோரிட் போசல் முதலியோர் 2006-லேயே சுட்டிக்காட்டியிருந்தனர். வேறொரு கோணத்தில் எஸ்தர் துஃப்லோ காட்டியதும் இதனோடு சேர்கிறது. ஓய்வூதியம் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் எடையும் வளர்ச்சியும் மேம்பட்டன. தாத்தாவின் கைக்கு வந்தபோது அப்படி நேரவில்லை.

இங்கே பாலமூரை நினைக்காமல் இருக்க முடியாது. மகபூப்நகர் மாவட்டத்தின் பழைய பெயர் அது. 'பாலமூர் கூலிகள்' அணை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், இந்த ஹைதராபாத்தின் அடுக்குமாடிகளுக்குச் சிமெண்டு சுமந்தார்கள். கணவனும் மனைவியும் இணையாகப் போனால்தான் மேஸ்திரி முன்பணம் தருவான். கிராமத்தில் மிஞ்சுவது கிழவியும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும். அந்தக் கிழவிக்கு மாதம் 2016 ரூபாய் வருவதும் வராததும் யாருடைய வாழ்வைத் தீர்மானிக்கிறது? பிள்ளை பள்ளியில் நிற்குமா, வேலைத்தளத்தில் செங்கல் குவியலுக்கு நடுவே தூங்குமா என்பது அதைப் பொறுத்தது. மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தில் பாதியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டுமா, வேண்டாமா என்பதும் அதைப் பொறுத்தது. முன்பணம் குறைந்தால் கட்டுண்டு கிடக்கும் நாட்களும் குறையும். ஓய்வூதியத்தின் பயனை முதியவரின் தட்டில் விழும் சோற்றைக் கொண்டு மட்டும் அளப்பவர்கள் இந்தச் சங்கிலியைக் காண்பதில்லை.

எனினும் இதை அப்படியே கொண்டாடுவது தவறு. மருமகள் வேலைக்குப் போக, மாமியார் இலவசக் காப்பகம் நடத்துகிறாள் என்றால், ஊதியமில்லாத உழைப்பு ஒரு பெண்ணின் தோளிலிருந்து மற்றொரு பெண்ணின் தோளுக்கு மாறியிருக்கிறது. சமூகத்தின் பொறுப்பாக ஆகவில்லை. 2024-ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஐந்தாண்டுக்கு முன் 2019-இல் இது 299-ம் 97-மாக இருந்தது. பெண்களுக்கும் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது! லெனின் 1919-இல் 'மகத்தான தொடக்கம்' கட்டுரையில் பொதுச் சமையற்கூடங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் முளைகளாகக் கண்டார். கிராமத்தில் அங்கன்வாடி மாலை வரை திறந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் ஓய்வூதியக் கோரிக்கையையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஓய்வூதியம் முதியவளுக்கு உண்மையிலேயே ஓய்வு தர வேண்டுமானால் அந்தக் காப்பகம் வேண்டும்.

எண் உயர்கிறது, எது உயர்கிறது?

கிராமப்புறப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-இல் 24.6 விழுக்காடாக இருந்து 2023-24-இல் 47.6 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்று ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. இரட்டிப்பாகும் அளவுக்கு எந்த ஆலை திறக்கப்பட்டது? உயர்வு வந்த இடத்தைப் பார்த்தால் பெருமை கரைந்துவிடும். 2023-24-இல் வேலையில் இருந்த கிராமப்புறப் பெண்களில் 76.9 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருந்தனர், 73.5 விழுக்காட்டினர் 'சுயவேலை' என்ற கட்டத்தில் எழுதப்பட்டவர்கள். அந்தச் சுயவேலையின் பெரும்பகுதி, குடும்ப நிலத்திலும் கொட்டிலிலும் கூலியின்றிச் செய்யும் உதவி. எருமைக்குத் தண்ணீர் காட்டிய பெண் நேற்று 'இல்லத்தரசி'. இன்று 'தொழில்முனைவோர்' என்று அழைக்கப்படாத குறைதான்.

இங்கேதான் ஓய்வூதியமும் பங்கேற்பு விகிதமும் அடிப்படையில் சந்திக்கின்றன. பெண்ணை உழைப்பாளி என்று கணக்கெடுப்பில் காட்டிக்கொள்ளத் துடிக்கும் அரசு, அறுபது வயதானதும் அதே பெண்ணை ஆதரவற்றவர் என்ற தலைப்பின்கீழ் எழுதுகிறது. உழைத்தவள் என்று எழுதினால் தொகைக்கு ஓர் அளவுகோல் வரும். கூலியோடும் விலைவாசியோடும் அதை இணைக்க வேண்டி வரும். ஆதரவற்றவர் என்று எழுதினால் அரசு மனமிரங்கும் அளவே அளவு.

வேறு வழியில் சென்ற நாடுகளும் மாநிலங்களும் உண்டு. கேரளத்தில் 1980-இல் இ.கே.நாயனார் தலைமையிலான இடது முன்னணி அரசு விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியம் அறிவித்தது. 45 ரூபாய் பெரிதல்ல. விவசாயத் தொழிலாளி என்ற பெயரில், தொழிலாளியாகவே அது தரப்பட்டது என்பதுதான் பெரிது. தமிழ்நாடு 1962-இலேயே 20 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கிவிட்டது. ஆனால் வளர்ந்த மகன் இருந்தால் தகுதியில்லை என்ற மனப்பான்மை நீண்ட காலம் அதன் விதிகளை ஆட்டிப்படைத்தது. மகன் சோறு போடுகிறானா என்று விதி கேட்கவில்லை; மகன் இருக்கிறானா என்று மட்டும் கேட்டது. பிரேசிலில் 1988 அரசமைப்பும் அதைத் தொடர்ந்து வந்த 1991-ஆம் ஆண்டுச் சட்டங்களும் கிராமப்புறப் பெண்ணைக் கணவனின் சார்பாளராகப் பார்ப்பதைக் கைவிட்டுத் தன்னளவில் தொழிலாளியாக ஏற்றன. 55 வயதில் ஓய்வூதியம். தொகை நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாது. கிராமப்புறப் பெண் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் திரண்டு போராடியதன் விளைவு அது.

பீடி சுற்றும் விரல்கள்

தெலங்கானாவில் பெண்ணைத் தொழிலாளியாக ஏற்கும் ஒரு பிரிவு ஆசராவிலேயே இருக்கிறது. நிஜாமாபாத், காமாரெட்டி, ஜக்தியால், சிரிசில்லா பகுதிகளில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களுக்கு 2015 முதல் இந்த ஓய்வூதியம் கிடைக்கிறது. வயது இங்கே அளவுகோல் இல்லை, தொழில்தான் அளவுகோல். ஆனால் தொழிலாளி என்று நிரூபிக்க வருங்கால வைப்புநிதி எண் வேண்டும். வேலூரிலும் திருநெல்வேலியிலும் பீடிச் சங்கப் பணி செய்த தோழர்களுக்கு இதன் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. ஒரு அட்டையின் பெயரில் தாயும் மகளும் மருமகளும் சுற்றுவார்கள். இலை, தூள் கணக்கு ஒருத்தி பெயரில் மட்டும் இருக்கும். சுற்றியவர் மூவர், தொழிலாளி ஒருவர். முதலாளிக்கு அது இலாபம். அரசுக்கும் அது வசதி. பீடித் தொழிலாளர் நலநிதிக்கென 1976 சட்டத்தின்கீழ் வசூலிக்கப்பட்ட தீர்வையோ சரக்கு-சேவை வரி வந்த 2017-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது.

அந்த விரல்களைப் பற்றி இன்னொரு செய்தி. ஓய்வூதியம் பெற விரல்ரேகை வைக்க வேண்டும். முப்பது ஆண்டு இலை மடித்த விரலிலும், களை பிடுங்கிய விரலிலும் ரேகை தேய்ந்து போகிறது. உழைத்ததற்கான தடயமே, உழைத்தவளை அடையாளம் காண முடியாமல் செய்கிறது. முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறை 2025 ஜூலையில் தெலங்கானா அஞ்சலகங்களில் தொடங்கப்பட்டது இந்தத் தொல்லை முற்றிய பிறகுதான். புதிய கருவி எத்தனை பேரைக் கைவிடுகிறது என்பதைக் கிளைகள் ஒவ்வொரு மாதமும் அஞ்சலக வாசலில் நின்று எண்ண வேண்டும்.

வயதும் இங்கே முக்கியம். 65-ஆக இருந்த ஆசராவின் முதியோர் வயது வரம்பு 57-ஆகக் குறைக்கப்பட்டு 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வயல்வேலை செய்யும் பெண்ணின் இடுப்பும் முழங்காலும் ஐம்பதிலேயே ஓய்வு கேட்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு முதியோர் ஓய்வூதியம்தான் என்ற விதி அப்படியே நிற்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்தே உழைத்தார்கள், சேர்ந்தே முதுமை அடைந்தார்கள். தொகை மட்டும் ஒருவருக்கு. மற்றவர் மறுபடியும் சார்பாளர். கணவரை இழந்தோருக்கான ஒன்றிய ஓய்வூதியமோ நாற்பது வயதுக்குக் கீழே இருந்தால் கிடையாது. முப்பது வயதில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண், அந்தக் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு எந்தக் கூலிக்கும் போயாக வேண்டும். அவளது 'பங்கேற்பு' கணக்கில் ஏறும்.

முடிவாகச் செய்ய வேண்டியவை குறித்துச் சில. அருணா ராய், பாபா அதவ் ஆகியோர் முன்னின்ற பென்ஷன் பரிஷத் 2012 முதல் எழுப்பிவரும் கோரிக்கை, குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிக்குக் குறையாத, விலைவாசியோடு ஏறும், அனைவருக்குமான ஓய்வூதியம். இதை விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் கூலிக் கோரிக்கையோடு ஒரே துண்டறிக்கையில் எழுத வேண்டும். ஒரு குடும்பம், ஒரு ஓய்வூதியம் என்ற விதியை நீக்கு. விதவைக்கு வயது வரம்பு வைக்காதே. ஒன்றிய அரசின் 200 ரூபாயை உயர்த்து. அங்கன்வாடியை முழுநாளும் நடத்து. கிராமக் கூட்டங்களுக்குச் செல்லும் தோழர்கள், எத்தனை பேருக்கு ஓய்வூதியம் வருகிறது என்பதோடு நிறுத்திவிடாமல், ஓய்வூதியம் வரும் வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையை யார் பார்க்கிறார்கள், கடந்த மாதம் பணம் எந்தத் தேதியில் வந்தது, அது யார் கையில் இருந்தது என்று பெண்களிடம், அவர்கள் வீட்டு ஆண்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், கேட்டு எழுதி வர வேண்டும்.